காலஞ்சென்ற சம்பந்தியின் ஐம்பத்திரண்டு மாத்திரைகள் தொடர்பாக

மேனாம்பேடு, அம்பத்தூர்.
18-11-2025, செவ்வாய்க்கிழமை,
காலை 5.50 மணி.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திரு. உதயகுமார் அவர்களுக்கு, தங்கள் மாமனார் ஹவில்தார் கிளார்க் (ஓய்வு) நடேசன் எழுதிக்கொள்வது.

தங்கள் வீட்டில் துக்கம் நிகழ்ந்து இன்று பதினேழாம் நாள் என்பதால் அவ்விடத்து நலத்தை விசாரிப்பது முறையாகாது. இவ்விடத்து நலத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுத இருப்பதால் அதை முதல் வரியிலேயே உறுதி கூறுவது உண்மையாகாது. ஆகவே அந்த இரண்டையும் விட்டுவிட்டு, நேற்று 17-11-2025 அன்று முத்தாபுதுப்பேட்டையில் தங்கள் தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியத்தைத் தாங்கள் குறைவின்றி நடத்தியதற்கு என் பாராட்டுதலை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்பது மணி என்று அச்சடித்த காரியம் பத்து மணி இருபத்தைந்து நிமிடத்துக்குத் தொடங்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். மாமனார் முறைக்கு நான் கொண்டுவந்த கோடி வேட்டி தங்களுக்கு அரை முழம் நீளக் குறைவாக இருந்ததைக் கவனித்தேன். கடைக்காரரிடம் பேசிவிட்டேன். பில்லுடன் வந்தால் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இக்கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் அம்பத்தூர் எஸ்டேட்டில் தாங்கள் பணிபுரியும் கம்பெனிக்கு, உறையின் மேல் 'அந்தரங்கம்' என்று எழுதி அனுப்புவதற்குக் காரணம் உண்டு. இதை என் மகள் பானுப்பிரியா பார்க்கக் கூடாது. கைபேசியில் சொல்லலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் கைபேசி பத்து முறை அடித்தால் எட்டு முறை பானுதான் எடுக்கிறாள். மீதி இரண்டு முறை பேத்தி காவ்யா எடுத்து, கேட்டதையெல்லாம் பானுவிடம் ஒப்பிக்கிறாள்.

9-9-2011 அன்று தங்களுக்குப் பெண்ணைக் கொடுத்த நாள் முதல் இன்றுவரை தங்கள் வீட்டிலிருந்து நான் எதையும் கேட்டுப் பெற்றதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. 1-12-2015 அன்று கொட்டிய மழையில் தங்கள் தாயார் சம்பந்தி அம்மாள் பொன்னியம்மா அவர்கள் குடையை நீட்டியும், அதை வாங்காமல் ஆவடி வரை நனைந்தே நடந்து, நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். பெண்ணைக் கொடுத்தவன் கொடுக்கிற பக்கத்தில்தான் நிற்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டில் கை நீட்டினால் அந்தக் கையை மகளின் முகத்தில் யாராவது ஒரு நாள் சுட்டிக்காட்டுவார்கள் என்பது என் எண்ணம். தங்கள் வீட்டார் அப்படிப்பட்டவர்கள் அல்லர். இருந்தாலும் எண்ணம் எண்ணம்தான். அப்படிப்பட்ட நான் இன்று ஒன்று கேட்கிறேன்.

தங்கள் தகப்பனார் அறையில், மர அலமாரியின் இரண்டாம் தட்டில், மஞ்சள் துணிப்பை ஒன்று இருக்கிறது. அதனுள் ஐந்து முழு அட்டைகளும், இரண்டு மட்டும் மிச்சமுள்ள ஓர் அட்டையும் ஆக ஐம்பத்திரண்டு மாத்திரைகள் உள்ளன. (கேப்சூல் என்பதே சரி. எல்லோரும் மாத்திரை என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.) காலாவதி ஆகஸ்ட் 2026. அவை எனக்கு வேண்டும். எனக்கு என்றால், தங்கள் மாமியாருக்கு.

கெங்கம்மாளுக்கு இருப்பது தூசி அலர்ஜி என்று பானுவிடம் சொல்லியிருக்கிறோம். அது அலர்ஜி அன்று. 12-3-2025 அன்று பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகிற நோய் என்று சொன்னார்கள். சம்பந்திக்கு இருந்த அதே நோய். அதே மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுடன். அது நோயைத் தீர்க்காது, அது போகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானுவுக்கும் தெரியும். மாமனாரைப் படுக்கையில் வைத்து ஒன்றரை ஆண்டு பார்த்துக்கொண்டவள் அவள்தான். முதலில் மாடிப்படி போகும், பிறகு குளியலறை போகும், பிறகு ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசுவது போகும் என்று அந்த வரிசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். தாயின் நோய் இன்னது என்று சொன்னால் அவளுக்கு மேற்கொண்டு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. இது நானும் கெங்கம்மாளும் 12-3-2025 மாலை ஆறு மணிக்குச் சேர்ந்து எடுத்த முடிவு.

ஆகஸ்ட் வரை முன்னாள் படைவீரர்களுக்கான நம் பாலிகிளினிக்கில் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்து வந்தது. 4-9-2025 வியாழன் அன்று நாங்கள் போனபோது, நோயாளி நேரில் வந்திருப்பதற்குச் சாட்சியாக இயந்திரத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். இந்த நோயில் விரல் நுனிகள் பருத்து உருண்டு போகும். இயந்திரம் கெங்கம்மாளை ஏற்க மறுத்தது. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். அவள் இருபது அடி நடந்து கழுவிவிட்டு, மூச்சு வாங்க நின்று, இருபது அடி திரும்பி வந்தாள். மறுபடியும் மறுத்தது. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். மூன்றாம் முறை கழுவி வந்தபோது இடது கட்டைவிரலை இயந்திரம் அடையாளம் கண்டுகொண்டது. கெங்கம்மாள்தான் கெங்கம்மாள் என்பது காலை 11.20 மணிக்கு ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. 11.22-க்கு மருந்து கையிருப்பில் இல்லை என்றார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, கைரேகை விழுந்தால்தான் கம்ப்யூட்டர் கையிருப்பைக் காட்டும் என்று கவுண்டரில் இருந்த ஜெகதீஷ் என்னும் எழுத்தர் விளக்கினார். தேவைப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். வந்ததும் கைபேசியில் அழைப்பார்களாம்.

அந்த மாதத்துக்கு வெளியில் வாங்கினேன். அம்பத்தூரில் நான்கு கடைகள் கையை விரித்த பின் குமணன்சாவடியில் ஒரு கடையில் 6-9-2025 அன்று அறுபது மாத்திரை கிடைத்தது. விலையை எழுதி இக்கடிதத்தைக் கெடுக்க விரும்பவில்லை. என் பென்ஷனில் பாதிக்கு மேல் என்று சொல்வது போதும். அவற்றைச் செப்டம்பர் முடியும்வரை வேளைக்கு ஒன்றாகச் சாப்பிட்டாள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டாள். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்கக் கூடாது என்று சொன்னேன். "டாக்டரா வந்து தரப்போறாரு, கீறதுதான கீது," என்றாள். 10-10-2025 அன்று அது முடிந்தது. இந்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று ஜெகதீஷ் சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதப்போவது என்னைப் பற்றி நானே தரும் புகார் என்று எடுத்துக்கொள்ளவும். 17-10-2025 வெள்ளி அன்று காலை அழைத்தார்கள். அறுபது மாத்திரை வந்துவிட்டது என்றார்கள். 9.40-க்கு அங்கே நின்றேன். ஜெகதீஷ் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு 9-7-2025 தேதியிட்டது. தொண்ணூறு நாள் செல்லும். தொண்ணூறாம் நாள் 7-10-2025. மருந்து வருவதற்கு நாற்பத்து மூன்று நாள் ஆனது மருந்தின் குற்றமாம். சீட்டு செத்துப்போனது சீட்டின் குற்றமாம். இரண்டுக்கும் நடுவில் நின்ற நான் புதுச்சீட்டு கொண்டுவர வேண்டுமாம். ஜெகதீஷ் கெட்டவர் அல்லர். சன்னலுக்கு அருகே என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், ஆறாந்தேதி குடுத்தா மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நான் உள்ள வெச்சிர்றேன். நீங்க டைமுக்குத்தான் வந்தீங்க, நாங்கதான் லேட்டுன்னு ஆயிடும்."

"நான் ஆறாம் தேதி இங்கே வரவில்லையே."

"தெரியும் சார். அதுக்குத்தான எழுதச் சொல்றேன்."

நான் 7-9-1970 முதல் 30-9-1992 வரை ராணுவத்திலும், அதன்பின் பதினான்கு ஆண்டுகள் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸிலும் எழுத்தராக இருந்தவன். அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு காகிதத்திலும் நடக்காத நாளை நான் எழுதியதில்லை. கர்னல் ஒருவர் கேட்டே எழுதவில்லை. அன்றும் எழுதவில்லை. 17-10-2025 என்று தெளிவாகத் தேதியிட்டு, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் பொறுப்பல்ல என்பதை நான்கு பத்திகளில் விளக்கி, ஓரம் விட்டு எழுதிக் கொடுத்தேன். ஜெகதீஷ் அதை வாங்கிப் படித்தார். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். பதினொரு நிமிடத்தில் உள்ளிருந்து நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து கெங்கம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை, சற்றுப் பெருமையாகவே சொன்னேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "சர்தான் வுடுய்யா. தேதியாச்சும் நல்லா இருக்கட்டும்."

புதுச்சீட்டுக்கு முதலில் பாலிகிளினிக் மருத்துவ அதிகாரியின் பரிந்துரை வேண்டும். அவர் தீபாவளி விடுப்பில் சென்று 24-10-2025 அன்றுதான் திரும்பினார். அன்று காலை நான் பரிந்துரைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில், மருந்து கவுண்டரில் மஞ்சள் துணிப்பையுடன் தங்கள் தகப்பனார் நிற்பதைக் கண்டேன். கெங்கம்மாளின் நோய் சம்பந்திக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் அரை மணியில் பானுவுக்குத் தெரிந்துவிடும். அவர் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவர், ரேங்கில் எனக்கு மேல். ஆகவே எழுந்து நின்றேன். "இன்னா சம்பந்தி, பிரஷர் மாத்திரையா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு மாசமா இல்ல இல்லன்னானுங்க. இன்னிக்கி எவனோ வாங்காம வுட்டுட்டானாம். லிஸ்ட்ல அட்த்தது நானு. லக்கப் பாத்தீங்களா?" ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் ஒரு முறை நிறுத்தி மூச்சு எடுத்து இதைச் சொன்னார். மிக்க மகிழ்ச்சி என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவருக்குப் பின்னால் சன்னலில் ஜெகதீஷ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அலமாரியில் உள்ளவை அந்த அறுபதில் மிஞ்சியவை. 28-10-2025 அன்று அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் எட்டு சாப்பிட்டிருக்கிறார். 2-11-2025 ஞாயிறு அன்று அவர் காலமானார். எவனோ வாங்காமல் விட்டதாக அவர் சொன்ன அந்த எவன், தங்கள் மாமனார். அந்த எட்டும் அவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்றே மனதார விரும்புகிறேன். மீதியை மட்டும் கேட்கிறேன்.

2-11-2025 அன்று கெங்கம்மாளை ஆட்டோவில் கூட்டிவந்து வாசல் அருகே நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியதை எல்லோரும் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி மேல் எவ்வளவு பாசம் பாரு என்று தங்கள் அத்தை ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நேற்று அவள் வர முடியாததற்கு முழங்கால் வலி என்று சொன்னேன். அதுவும் உண்மையல்ல. நவம்பர் பென்ஷன் ஆக்சிஜன் இயந்திரத்தின் வாடகைக்கே போய்விட்டதால் வெளியில் மாத்திரை வாங்க முடியவில்லை. அந்த இயந்திரம் போடும் சத்தத்தைக் கைபேசியில் கேட்டு என்ன சத்தம் என்று பானு விசாரித்தாள். கீழ் வீட்டுக் கிரைண்டர் என்றேன். அதற்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் அழைத்துவிட்டு, "இன்னாப்பா, எந்நேரமும் மாவாட்டிக்கினே கீறாங்க, கட எதுனா வெச்சிக்கீறாங்களா?" என்று கேட்கிறாள். இட்லிக் கடை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். கீழ் வீட்டில் இருப்பவர் கணினி கம்பெனியில் வேலை பார்க்கும் பிரசன்னா என்னும் திருமணமாகாதவர். தாங்கள் வரும்போது அவரிடம் இட்லி கேட்டுவிட வேண்டாம்.

நேற்று நடந்ததையும் தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். தாம்பாளத்தை வைக்கும் சாக்கில் சம்பந்தியின் அறைக்குள் போனேன். அலமாரி சாத்தாமல் இருந்தது. பையைக் கண்டேன், வாயைப் பிரித்து உள்ளே பார்த்தேன், கணக்கிட்டேன். எடுத்துச் செல்லும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று தாங்கள் கேட்டால், கை பைக்குள் இருந்தது என்பதை மட்டும் சொல்வேன். அந்த நேரத்தில் சம்பந்தி அம்மாள் உள்ளே வந்தார்கள்.

"இன்னா சம்பந்தி, இன்னா தேடறீங்க?"

வெற்றிலை என்றேன்.

"வெத்தல கூடத்துல கீதுங்களே. இதுல அவரு மருந்துதான். வெள்ளிக்கெயம எல்லாத்தியும் மூட்ட கட்டி ஏரில போட்ரணும் சம்பந்தி. பாக்கவே ஆவல."

அவர்களே கூடத்துக்குப் போய் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் வெற்றிலை போடும் பழக்கம் இல்லாதவன். அவர்கள் எதிரில் நின்றதால் போட்டேன். சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்தது. இன்று காலை காப்பி குடிக்கும்போதும் எரிந்தது.

சற்று நேரம் கழித்து நாங்கள் கூடத்தில் நிற்கையில், என்னுடன் வந்திருந்த முகமது இஸ்மாயில் செய்ததைக் கேளுங்கள். இவர் எங்கள் தெருவில் இருக்கும் முன்னாள் சிப்பாய், ஆஸ்துமாக்காரர், எங்கள் விஷயம் தெரிந்த ஒரே வெளியாள். கூடத்துக்கு வந்து, துக்க வீடு என்றும் பாராமல், "தங்கச்சி, அண்ணாத்தேயோட இன்ஹேலர் எதுனா மிச்சம் கீதா? நானும் அதேதான் போட்றேன்," என்று கேட்டார். எனக்குக் கூசியது. சம்பந்தி அம்மாளோ அலமாரிக்குப் போய் இரண்டு இன்ஹேலர்களை எடுத்துவந்து அவர் கையில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கினு போங்கண்ணே, யாருக்குனா ஒதவட்டும்," என்றார்கள். பாலிகிளினிக் பெஞ்சில் இது நடைமுறைதான். ஒருவர் போய்விட்டால் மிஞ்சியதை அவர் வீட்டார் கொண்டுவந்து, இன்ன மருந்து யாருக்கு வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வாங்குகிறவரும் சங்கடப்படுவதில்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவர்கள் அல்லர். நான் இரண்டடி தள்ளி, வாயில் வெற்றிலையுடன் நின்றேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்ற மூன்று சொற்கள் வாய் வரை வந்தன. சாற்றுடன் விழுங்கினேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இஸ்மாயிலை நாகரிகம் தெரியாதவர் என்று கண்டித்தேன். ஆவடி மார்க்கெட் தாண்டியதும் சொன்னார்: "நட்சு, நீ மேனர்ஸ் பாத்துக்கினே இரு. ஊட்ல அண்ணிக்கு மூச்சு மேனர்ஸ் பாக்காது." அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் என் பங்கு ஆட்டோக் காசையும் அவரே கொடுத்துவிட்டார்.

இப்போது செய்ய வேண்டியது. பானு காலை 8.15-க்குக் காவ்யாவைப் பள்ளியில் விடப் புறப்படுகிறாள், 8.50-க்குத் திரும்புகிறாள். சம்பந்தி அம்மாள் அந்த நேரத்தில் மாடியில் துணி காயப்போடுவதாகத் தெரிகிறது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் தாங்கள் பையை எடுத்து, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டால், எந்தக் கேட்டில் எத்தனை மணி என்று தாங்கள் குறிக்கும் இடத்தில் நான் வந்து நிற்பேன். வெயில் படும்படி வண்டிப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை, அதாவது 21-11-2025 வந்துவிட்டால் அவை ஏரிக்குப் போய்விடும் என்பதைக் கவனத்தில் கொள்ளவும். பை எங்கே என்று தங்கள் தாயார் கேட்டால் என்ன சொல்வது என்பதைத் தங்களிடமே விட்டுவிடுகிறேன். தங்களைப் பொய் சொல்லுமாறு நான் எழுத்தில் கேட்க முடியாது. கெங்கம்மாளுக்கு மாத்திரை நின்று இன்றோடு முப்பத்தொன்பது நாள் ஆகிறது. புதுச்சீட்டு 31-10-2025 அன்று கிடைத்து, 5-11-2025 அன்று மறுபடியும் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது. சென்ற முறை நாற்பத்து மூன்று நாள் ஆனது. அந்தக் கணக்கில் டிசம்பர் 18 வரும். ஐம்பத்திரண்டு மாத்திரை இருபத்தாறு நாளைக்கு வரும். நாளையே கிடைத்தாலும் டிசம்பர் 14 வரை ஓட்டிவிடலாம். மீதி நான்கு நாளைக்கு நான் ஏதாவது செய்துகொள்கிறேன்.

இந்த விஷயம் பானுவுக்கு எக்காரணம் கொண்டும் தெரிய வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படுக்கையை இப்போதுதான் சுருட்டி வெளியே போட்டிருக்கிறாள். அவள் முகம் நேற்று எப்படி இருந்தது என்பதைத் தாங்களும் பார்த்தீர்கள்.

ஓராண்டுக்குத் தங்கள் வீட்டில் பண்டிகை இல்லையென்றாலும் ஆசீர்வாதத்துக்குத் தடை இல்லை என்பதால், தங்களுக்கும், பானுவுக்கும், இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் அறியக் கூடாத பேத்தி காவ்யாவுக்கும், எல்லாவற்றுக்கும் முதலில் மூச்சும் அதன்பின் மற்ற செல்வங்களும் குறைவின்றி அமைய வேண்டுமென்று வாழ்த்துகிறேன். சம்பந்தி அம்மாளுக்கு என் பணிவான வணக்கம். வெற்றிலைக்கு நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ம. நடேசன்.

பின்குறிப்பு: 20-11-2025, வியாழக்கிழமை.

மேற்கண்ட கடிதத்தை நேற்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். கெங்கம்மாளால் நடக்க முடியாமல் அவளைத் தாங்கிக்கொண்டு போனதில் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கைபேசியில் சொல்லிவிடலாம் என்று நேற்றிரவு தங்கள் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஆகவே எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே இஸ்மாயிலிடம் கொடுத்து அனுப்புகிறேன். எங்களுக்குள் மறுபடியும் பேச்சு வந்துவிட்டது.

கேட்டிருந்த மாத்திரைகள் தேவையில்லை. நேற்று எடுத்த பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு டாக்டர் கனிமொழி, சிறு வயதுப் பெண், என்னைத் தனியாக உட்கார வைத்து, "இனிமே அந்த மாத்திரையால பிரயோஜனம் இல்ல சார். மூச்சுத் திணறாம வெச்சிக்கிறதுதான் இப்ப வைத்தியம்," என்று சொன்னார். நாற்பது நாள் மருந்து இல்லாமல் இருந்ததுதான் காரணமா என்று கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நேற்று மாலை 4.10-க்கு பாலிகிளினிக்கிலிருந்து ஜெகதீஷ் அழைத்தார். "சார், வந்துருச்சி. அறுவதும் வந்துருச்சி. இந்தவாட்டி சீட்டெல்லாம் கரெக்டா கீது, காலைல வந்துருங்க," என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. நான் நிலைமையைச் சொல்லி, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டேன். "அடுத்த ஆளு யாரும் இல்ல சார். இந்த மருந்துக்கு நம்ம லிஸ்ட்ல ரெண்டே பேருதான்," என்றார். எங்கள் இருவரில் யார் முதலில் கைபேசியை வைத்தது என்று எனக்கு நினைவில்லை.

தங்கள் வீட்டு அலமாரியை நாளை தாராளமாகச் சுத்தம் செய்யலாம். மேலே கேட்ட இரண்டு கோரிக்கைகளில் இதோடு ஒன்று போயிற்று. பானுவுக்குத் தெரிய வேண்டாம் என்ற இன்னொன்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது என் முடிவன்று. இன்று காலை கெங்கம்மாள், பானுவைக் கூப்பிடு என்றாள். வேண்டாம், அவள் இப்போதுதான் ஒரு சாவைப் பார்த்திருக்கிறாள், தாங்கமாட்டாள் என்றேன். அவள் மூச்சைச் சேர்த்து, நடுவில் இரண்டு முறை நிறுத்தி, சொல்லி முடித்தாள்:

"பாத்துகினாளே ஒர்த்தர. எப்டித் திருப்பிப் படுக்க வெக்கணும், எப்ப தண்ணி குடுக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும். உனக்கு இன்னா தெரியும்?"

வரும் ஞாயிறு, 23-11-2025 அன்று பானுவை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் மாப்பிள்ளை. இது கையில் கிடைத்ததும் வந்துவிடுங்கள்.